திருப்பிப் பாருங்கள்: பழைய கிறிஸ்துமஸ் தபால் அட்டைகளின் கதை

நம் மலருக்குக் கட்டுரை என்றதும் பாலம், பாய்லர், டர்பைன் என்று ஏதாவது எழுதப் போகிறான் என்றுதான் நண்பர்கள் நினைத்திருப்பீர்கள். அதைத்தான் வருஷம் முழுக்க ஆபீஸில் எழுதித் தள்ளுகிறோமே! ஒரு மாறுதலுக்கு, சில வருஷங்களாக நான் சேர்த்து வரும் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். நூறு வயதைத் தாண்டிய கிறிஸ்துமஸ் தபால் அட்டைகள்.

"ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, நாணயம் சேர்ப்பாங்க, இது என்னப்பா புதுசா?" என்று கேட்பவர்கள் உண்டு. புதுசே இல்லை. தபால் அட்டை சேர்ப்பதற்கு டெல்டியாலஜி என்று தனிப் பெயரே இருக்கிறது. சின்ன எழுத்துப் பலகை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உலகம் முழுக்க இதற்குச் சங்கங்கள் உண்டு, சந்தைகள் உண்டு, சண்டைகளும் உண்டு.

பழைய அட்டை ஒன்று கையில் கிடைத்தால் எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். சேர்க்கிறவன் முதல் வேலையாக அதைத் திருப்பிப் போடுவான். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஷில்லிங் வாழ்த்து

கதை லண்டனில் 1843-ல் ஆரம்பிக்கிறது. ஹென்றி கோல் என்று ஓர் அரசு அதிகாரி. பரபரப்பான மனிதர். ரோலண்டு ஹில் 1840-ல் கொண்டு வந்த பென்னி தபால் முறைக்கு உடனிருந்து உழைத்தவர். தூரம் எவ்வளவானாலும் ஒரு பென்னிக்குக் கடிதம் போய்ச் சேரும் என்ற அந்த ஏற்பாடு வந்த பிறகு, பண்டிகைக் காலத்தில் எல்லார் வீட்டிலும் கடிதம் குவிய ஆரம்பித்தது. பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. கோலுக்கோ நேரமில்லை. ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் சொல்லி ஒரு படம் வரையச் செய்து, ஆயிரம் பிரதி கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டி வாங்கினார். தனக்கு வேண்டியது போக மீதியை அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கு விட்டார். முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு ஷில்லிங் என்பது சாதாரணத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் காசு இல்லை. போதாக்குறைக்கு, படத்தின் நடுவில் ஒரு குடும்பமே கோப்பை தூக்கி வாழ்த்துகிறது. அதில் ஒரு குழந்தையும் ஒயின் குடிக்கிறது. மதுவிலக்குக்காரர்கள் சும்மா விடுவார்களா? பெரிய கண்டனம் எழுந்தது. படத்தின் இரு ஓரங்களிலும் ஏழைக்குச் சோறும் துணியும் கொடுக்கும் காட்சிகள் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை! அந்த ஆயிரத்தில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றில் ஒன்று 2001-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தபோது 20,000 பவுனுக்குப் போனது.

அது உறையில் போட்டு அனுப்பும் வாழ்த்து அட்டை. நம் விஷயம் உறையில்லாத தபால் அட்டை. அது பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

உறையில்லாத கடிதம்

இமானுவேல் ஹெர்மான் என்ற ஆஸ்திரியப் பொருளாதாரப் பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு வரிச் செய்திக்கு ஒரு தாள், ஓர் உறை, ஒரு பசை, முழுத் தபால் கட்டணம் எதற்கு? ஒரு சின்ன அட்டை போதாதா? ஆஸ்திரிய-ஹங்கேரித் தபால் துறை ஒப்புக்கொண்டு 1869 அக்டோபர் 1 அன்று உலகின் முதல் தபால் அட்டையை வெளியிட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1870 அக்டோபர் 1-ல், இங்கிலாந்து அரை பென்னிக்கு அட்டை போட்டது. அமெரிக்கா 1873-ல் ஒரு சென்ட்டுக்கு. நம் நாட்டில் 1879-ல், கால் அணாவுக்கு. நம் தாத்தா காலத்தில் 'கார்டு' என்றாலே கால் அணா கார்டுதான்.

"வேலைக்காரி படிப்பாள், தபால்காரன் படிப்பான்" என்று கௌரவமான குடும்பங்கள் முகம் சுளித்தன. ஆனால் மலிவு ஜெயித்தது. வழக்கம் போல!

முதலில் எல்லாம் அரசாங்க அட்டை, படம் கிடையாது. தனியார் அச்சிடும் அட்டைக்கும் அதே சலுகைக் கட்டணம் என்று நாடு நாடாக விதி மாறிய பிறகுதான் படங்கள் பெருகின. அமெரிக்காவில் அந்தச் சட்டம் 1898 மே 19-ல் வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் நடந்தது ஒரு வெறி என்றே சொல்ல வேண்டும். 1908 ஜூன் மாதத்தோடு முடிந்த ஒரே நிதியாண்டில் அமெரிக்கத் தபால் துறை கையாண்ட தபால் அட்டைகள் 67 கோடியே 77 லட்சத்துக்கு மேல். அன்றைய அமெரிக்க மக்கள் தொகை ஒன்பது கோடிகூட இல்லை. அந்த வெறிக்கு உச்சகட்ட சீசன் கிறிஸ்துமஸ்தான்.

கல்லில் பிறந்த வண்ணம்

இனி நம்ம ஏரியா, அதாவது தொழில்நுட்பம்.

அந்த அட்டைகளில் நல்லவை பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சானவை. பெர்லின், லைப்சிக், டிரெஸ்டன் பகுதி அச்சகங்கள் உலகத்துக்கே அடித்துக் கொடுத்தன. முறையின் பெயர் குரோமோலித்தோகிராஃபி, அதாவது வண்ணக் கல்லச்சு. பவேரியாவில் சோல்ன்ஹோஃபென் என்ற ஊரில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக்கல்தான் இதற்கு ஆதாரம். கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற, நம் பாட்டிக்கும் தெரிந்த சங்கதிதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். நல்ல அட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு கல்கூட ஆகும். ஒவ்வொரு முறையும் தாள் காய்ந்து, திரும்பவும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், வறண்டால் சுருங்கும். இன்று நாம் டாலரன்ஸ் என்று பேசுவதை அந்தக் கல்லச்சுக்காரர்கள் கையாலும் கண்ணாலும் செய்து காட்டினார்கள். கடைசியில் உலோக அச்சு வைத்து அழுத்தி, தாத்தாவின் தாடியும் பனிக்கட்டியும் மேலே புடைத்து நிற்கும்படி செய்வார்கள். விரலால் தடவினால் தாடி தட்டுப்படும்!

இன்னொரு வகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அட்டை. வீட்டின் சன்னல், நிலா, மெழுகுவத்தி ஆகிய இடங்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் வண்ணத்தாள் ஒட்டியிருப்பார்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் சன்னல்களெல்லாம் எரிகிற மாதிரி ஒளிரும். பெர்லினில் ஹாகல்பெர்க் நிறுவனம் இதில் கெட்டிக்காரர்கள். இந்த வகையில் கிறிஸ்துமஸ் தாத்தா உருவமே இருந்தால் சேகரிப்பாளர்கள் சொத்தை எழுதிக் கொடுக்கவும் தயார்.

பின்பக்கம் சொல்லும் தேதி

இப்போது அட்டையைத் திருப்புவோம்.

ஆரம்பத்தில் அட்டையின் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும்தான். செய்தி எழுத வேண்டுமென்றால் படத்துப் பக்கத்தில் கிடைக்கிற இண்டு இடுக்கில் எழுத வேண்டும். அதனால்தான் சில பழைய அட்டைகளில் தாத்தாவின் தலைமேலும் காலடியிலும் பொடி எழுத்தாகக் கிறுக்கியிருக்கும். பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் விலாசம் என்று முதலில் அனுமதித்தது இங்கிலாந்து, 1902-ல். ஜெர்மனி 1905-ல் அனுமதித்தது. அமெரிக்கா 1907 மார்ச் 1 முதல். ஆக, நடுக்கோடு இல்லாத அமெரிக்க அட்டை என்றால் அது 1907-க்கு முந்திய அச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அடுத்து ஸ்டாம்ப். அமெரிக்காவில் தபால் அட்டைக்கு ஒரு சென்ட். முதல் உலகப் போர்ச் செலவுக்காக 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை மட்டும் இரண்டு சென்ட். இங்கிலாந்தில் அரை பென்னி 1918 ஜூனில் ஒரு பென்னி ஆயிற்று. இது போட்டோ அட்டை என்றால் இன்னொரு சாட்சியும் உண்டு. ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைச் சுற்றி அஸோ என்ற பெயரும் நாலு முக்கோணமும் இருக்கும். நாலும் மேல் நோக்கினால் 1904-லிருந்து 1918-க்குள் வந்த தாள். இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் அதற்குப் பிந்தியது. முத்திரையே படிக்க முடியாமல் அழிந்திருந்தாலும் வருஷத்தை ஓரளவு பிடித்துவிடலாம்.

போலியும் புழங்குகிறது. பழைய படத்தை நகலெடுத்து, டீத்தண்ணீரில் நனைத்தது போலப் பழுப்பேற்றி விற்பார்கள். அதற்கு இரண்டு சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மனிதக் கை போட்டது மாதிரி இருக்கும். இன்றைய ஆஃப்செட்டில் ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்கும். அடுத்தது புற ஊதா விளக்கு. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் ரசாயனம் தாள் தயாரிப்பில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1908 அட்டை என்று சொல்லி விற்கிற ஒன்று அந்த விளக்கில் பளிச்சென்று நீலமாக மின்னினால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலே, எழுதியிருக்கும் செய்தி. பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. உடம்பு தேவலை, பார்சல் கிடைத்தது, ரயிலுக்கு வருகிறோம், ஏன் கடிதமே இல்லை. இவ்வளவுதான். ஆனால் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இடம் பெறாத ஜனங்களின் கையெழுத்து அது. எழுதாத புத்தம் புது அட்டைக்குத்தான் சில சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பார்கள். எனக்கு என்னவோ, ஓரம் மடங்கி மை கசிந்த அட்டைதான் பிடிக்கும். அது வேலை பார்த்த அட்டை.

தாத்தாவின் பச்சை அங்கி

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டது கோகோ கோலா கம்பெனிதான் என்று ஒரு கதை உலவுகிறது. நம் நண்பர்கள் வட்டத்திலேயே இரண்டு பேர் அடித்துச் சொல்வார்கள். ஹேடன் சண்ட்ப்ளம் அந்தக் கம்பெனிக்காகத் தாத்தாவை வரைய ஆரம்பித்தது 1931-ல். அதற்கு இருபது வருஷத்துக்கு முந்திய அட்டைகளிலேயே சிவப்பு அங்கித் தாத்தாக்கள் தாராளமாக இருக்கிறார்கள். ஆல்பத்தைப் புரட்டினாலே வழக்கு முடிந்தது.

அதே ஆல்பத்தில் பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, வெள்ளை அங்கித் தாத்தாக்களும் இருக்கிறார்கள். ஐரோப்பியத் தாத்தா குண்டாக இருக்க மாட்டார். ஒல்லியாக, நீண்ட அங்கியோடு, காட்டு வழியே நடந்து வரும் முனிவர் மாதிரி இருப்பார். சில அட்டைகளில் ஆயரின் உயர்ந்த தொப்பியும் கைக்கோலுமாக புனித நிக்கோலஸ் நிற்பார். ஆஸ்திரியப் பக்கம் போனால் அவருக்குத் துணையாகக் கொம்பும் நீண்ட நாக்கும் உள்ள கிராம்பஸ் என்ற பூதம், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போகும். "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

புது யந்திரம் எது வந்தாலும் தாத்தாவை அதில் ஏற்றிவிடுவார்கள். மோட்டார் கார், பலூன், ஆகாய விமானம், டெலிபோன் எல்லாவற்றோடும் தாத்தா காட்சி தருகிறார். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். அடுத்த சில வருஷங்களுக்குள் தாத்தாவும் பறக்க ஆரம்பித்துவிட்டார்!

இவற்றை வரைந்தவர்களில் பலர் பெண்கள். நியூயார்க் மாநிலத்தில் 1865-ல் பிறந்த எலன் கிளாப்சாடில் வரைந்த குண்டுக் கன்னக் குழந்தைகள் தனித்துத் தெரியும். அவர் வரைந்தது அமெரிக்கக் கம்பெனிக்கு, அச்சானது ஜெர்மனியில். 1934-ல் மறைந்தார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது சேகரிப்பாளர்களால்தான்.

ஒரு வரி, ஒரு போர்

இவ்வளவு பெரிய தொழில் எப்படிச் சாய்ந்தது? இந்த இடத்தைத்தான் நம்மைப் போன்றவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

லூயி பிராங் என்பவர் பிரஷ்யாவில் பிறந்து 1850-ல் அமெரிக்கா சென்று, பாஸ்டனில் வண்ணக் கல்லச்சுத் தொழில் நடத்தினார். 1875-ல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அட்டை விற்க ஆரம்பித்து, 1880-ல் நல்ல படத்துக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று போட்டியே வைத்தார். அப்படிப்பட்டவரையும் 1890-களில் மலிவான ஜெர்மன் இறக்குமதி அட்டைத் தொழிலிலிருந்து ஒதுக்கிவிட்டது. ஆனால் ஜெர்மன் அச்சகங்களின் ராஜ்ஜியமும் நீடிக்கவில்லை. அமெரிக்க அச்சகத்தார் கேட்டபடி 1909-ல் பெய்ன்-ஆல்ட்ரிச் வரிச் சட்டம் வந்தது. இறக்குமதி அட்டைக்குக் கடும் வரி. வரி வருவதற்கு முன் வாங்கிக் குவித்துவிடலாம் என்று வியாபாரிகள் ஏராளமாக இறக்கினார்கள். கடைகளில் அட்டை மலையாகக் குவிந்து விலை சரிந்தது. உள்ளூர் அச்சகங்களால் அந்தத் தரத்தை எட்ட முடியவில்லை. வாங்குகிறவனுக்கும் சலித்துவிட்டது; உறையில் போடும் மடிப்பு அட்டைப் பக்கம் போய்விட்டான். 1910-ல் இரண்டு ஷூ பெட்டி நிறையத் தபால் அட்டையோடு கான்சஸ் சிட்டிக்கு வந்து இறங்கிய ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞன் இந்தக் காற்று மாறுவதைக் கண்டுகொண்டு வாழ்த்து அட்டைக்கு மாறினான். ஹால்மார்க் நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான்.

1914-ல் போர். ஜெர்மன் அச்சகங்களுக்கு ஏற்றுமதியே நின்றது. இங்கிலாந்தில் 'ஜெர்மனியில் அச்சிட்டது' என்ற வரி இருந்தாலே அட்டையைத் தொட ஆளில்லை. அந்தப் போரிலும் கிறிஸ்துமஸ் அட்டை நிற்கவில்லை, வேறு உருவம் எடுத்தது. பிரான்ஸில் பெண்கள் மெல்லிய பட்டு வலையில் பூவும் கொடியும் வாழ்த்தும் எம்பிராய்டரி செய்து, வெட்டி அட்டையில் ஒட்டி விற்றார்கள். சிப்பாய்கள் வாங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரி பெயரால் படைவீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிப் பரிசு போனது. உள்ளே ஒரு வாழ்த்து அட்டையும் உண்டு. பிரான்ஸ் களத்திலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இனிப்பும் மசாலாவும் வைத்து அனுப்பினார்கள் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி.

போர் முடிந்தது. அந்தக் கல்லச்சுக் கைகள் திரும்பவில்லை. வேகமான, மலிவான அச்சு முறைகள் வந்துவிட்டன.

டிசம்பர் 29, 1940

லண்டனில் ராஃபேல் டக் என்ற நிறுவனம். பிரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். 1866-ல் ஒரு சிறு கடையாக ஆரம்பித்து, 1871-ல் முதல் கிறிஸ்துமஸ் அட்டை வெளியிட்டு, 1893-ல் விக்டோரியா மகாராணியின் அரச அங்கீகாரமும் பெற்றார்கள். கிறிஸ்துமஸை அழகாக அச்சிட்டு உலகத்துக்கே அனுப்பிவைத்தது ஒரு யூதக் குடும்பம் என்பதை நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் லண்டன் நகரின் மேல் தீக்குண்டு பொழிந்தன. டக் நிறுவனத்தின் ராஃபேல் ஹவுஸ் எரிந்து போனது. எழுபத்து நாலு வருஷத்து மூல ஓவியங்கள், கணக்குகள், பதிவேடுகள் எல்லாம் சாம்பல். எந்த வருஷம் எந்த அட்டை போட்டார்கள், யார் வரைந்தார்கள் என்று சொல்ல ஆபீஸில் ஒரு காகிதம் இல்லை.

அப்புறம் அந்தச் சரித்திரம் எப்படித் திரும்பக் கிடைத்தது? பரண்மேல் கிடந்த ஆல்பங்களிலிருந்து. யாரோ ஒரு அத்தை, யாரோ ஒரு பள்ளிச் சிறுமி தூக்கி எறியாமல் வைத்திருந்த அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்தார்கள். பின்பக்கத்து வரிசை எண்ணையும் முத்திரைத் தேதியையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டார்கள். இன்று இணையத்தில் அந்தப் பட்டியல் எல்லாரும் பார்க்கக் கிடைக்கிறது. கம்பெனி இழந்த பதிவேட்டை வாடிக்கையாளர்களின் பேரப்பிள்ளைகள் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னேனே, காரணம் இதுதான்.

ஒரு தொழிலாளியின் கொடை

சேகரிப்பு பணக்காரர் விளையாட்டு என்பார்கள். ஜெஃபர்சன் பர்டிக் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டும் வேலை. கல்யாணம் இல்லை. மூட்டுவாதம் கையை முடக்கிக்கொண்டே வந்தது. தபால் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, விளையாட்டு வீரர் அட்டை என்று மூன்று லட்சத்துக்கும் மேல் சேர்த்தார். 1947 முதல் அத்தனையையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்ததோடு விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாகத் தன் கையால் ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். இன்று ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆல்பங்களைத் தேடி வருகிறார்கள்.

நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் கிறிஸ்துமஸ் அட்டை சேர்க்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில், சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள் கிடக்கும். கரும்பும் காளையும், சினிமா நட்சத்திரமும், பின்னால் ஹாஸ்டல் விலாசமும் இருக்கும். அச்சடித்த எல்லா ஆபீஸிலும் அவற்றின் பதிவேடு பத்திரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பதுதான் பதிவேடு.

எடுத்து வையுங்கள். ஸ்டாம்ப்பை வெட்டி எடுக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லாமினேட் வேண்டவே வேண்டாம். மலிவான பி.வி.சி. உறை காகிதத்தைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். எழுதினவர் யார், எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் குறித்து உடன் வையுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒன்று கொண்டு வந்தால், நம் மலருக்கு அதைவிட நல்ல கட்டுரை வேறு கிடைக்காது.